கறுப்பு ஆடை: வரலாறு தரும் படிப்பினை

 

கறுப்புப் பர்தாதான் மார்க்கம் என்கிறாள் பேத்தி. அப்படியானால் நாங்கள் காலமெல்லாம் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி மார்க்கமில்லையா என்று மனம் நோகிறார் பாட்டி. நம் இல்லங்கள் சிலவற்றில் இத்தகைய வருத்தம் எழுவதுண்டு. மறுபுறம், திருமண வீட்டில் கறுப்பு ஆகாது என்று முகம் சுளிப்போரும் உளர். இத்தீர்ப்புகள் மார்க்கம் வழங்கியவையா, மனிதர்கள் வழங்கியவையா?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் கறுப்புத் தலைப்பாகை அணிந்து நகருக்குள் நுழைந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அபிசீனியாவிலிருந்து திரும்பிய சிறுமி உம்மு காலித் (ரலி) அவர்களுக்குச் சிறிய கறுப்பு ஆடையொன்றைத் தம் கரத்தாலேயே அணிவித்து, அழகாயிருக்கிறது என்று அபிசீனிய மொழியில் கூறி மகிழ்வித்தார்கள் எனப் புகாரி நூல் தெரிவிக்கிறது. குழந்தைக்கு அன்புடன் அணிவித்த நிறம் அபசகுனமாவது எங்ஙனம்? அதேவேளை, வெண்ணிற ஆடையைச் சிறப்பித்தவர்களும், மையித்தை அதில் கஃபனிடச் சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

பிற்காலத்தில் கறுப்பு அரசியல் நிறமாயிற்று. கி.பி. 747இல் குராஸானில் உமையாக்களுக்கு எதிராக எழுந்த அப்பாஸியர் கறுப்புக் கொடி ஏந்தினர். 750இல் ஆட்சியைப் பிடித்தனர். அரசவையினர் மட்டுமின்றி, ஜும்ஆ மிம்பரில் ஏறும் கதீபும் கறுப்பு அணியும் வழக்கம் உண்டாயிற்று. கி.பி. 817இல் கலீஃபா மஃமூன், இமாம் அலீ ரிளா அவர்களைத் தம் வாரிசாக அறிவித்துப் பச்சை நிறத்திற்கு மாற உத்தரவிட்டார். பக்தாதில் கிளர்ச்சி மூண்டது. 819இல் தலைநகர் திரும்பிய மஃமூன் சில நாள்களிலேயே மீண்டும் கறுப்புக்கு மாறினார். அரசன் ஆணையிட்டான், நிறம் மாறியது. மார்க்கம் மாறவில்லை. மிம்பரில் கறுப்பு அணிவது சுன்னத் அன்று என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் தெளிவுபடுத்தினார்கள்.

இறையில்லமாம் கஃபாவின் திரையே வெண்ணிறம், செந்நிறம் எனப் பல நிறங்களைக் கண்டது. கலீஃபா நாஸிர் (1180–1225) காலத்திலிருந்துதான் கறுப்பு நிலைபெற்றது. கிழக்கே பக்தாதில் கறுப்பு அரச கம்பீரமாயிருக்க, மேற்கே அந்தலுஸ் முஸ்லிம்கள் துக்கத்திற்கு வெள்ளை அணிந்தனர். நம் தமிழகத்தில் 1946இல் மதுரையில் கருஞ்சட்டைப் படை மாநாடு நடத்திய பெரியாரின் தொண்டர்களுக்குக் கறுப்பு இழிவு நீக்கும் போராட்டச் சின்னம். சபரிமலை செல்வோருக்கு அதுவே விரத உடை. நிறம் ஒன்றே, பொருள் கொடுப்பவர்கள் மனிதர்கள்.

இனி நம் பெண்மணிகளின் உடைக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வெள்ளைத் துப்பட்டியே வழங்கிவந்தது. வளைகுடாப் பயணங்கள் பெருகிய பின்னரே கறுப்புப் பர்தா பரவியது. அஹ்ஸாப் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் இறங்கியபோது அன்சாரிப் பெண்கள் கரிய போர்வைகளுடன் வெளிவந்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவித்துள்ளார்கள். எனவே கறுப்புக்கு முன்மாதிரி உண்டு. பச்சை முக்காடிட்ட பெண்ணொருவர் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்த செய்தியும் புகாரியில் உண்டு. எனவே கறுப்பு மட்டுமே என்ற கட்டாயம் இல்லை.

கணவனை இழந்தவர் இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள்களில் அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதே சட்டம். வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்பது ஊர் வழக்கமேயன்றி ஷரீஅத்தின் கட்டளையன்று.

அன்புள்ள தாய்மார்களே! உடல் மறைய வேண்டும். உடை மெல்லியதாகவோ இறுக்கமாகவோ இருத்தல் கூடாது. பெருமைக்காகவும் அணிதல் கூடாது. இவற்றை நிறைவேற்றிய பாட்டியின் துப்பட்டியும் பேத்தியின் பர்தாவும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவையே. நிறத்தைக் காட்டி மூத்தவர்களின் மனத்தைப் புண்படுத்துவதுதான் பாவம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தக்வா எனும் மேலான ஆடையை அணிவிப்பானாக! ஆமீன்.