யார் கையெழுத்துப் போடுவது? பைத்தியச் சட்டங்களின் வரலாறு குறித்து

1996இல் என் அண்ணனைக் குடி மறக்கவைக்கும் மையம் ஒன்றில் கொண்டுபோய்ச் 'சேர்த்தோம்'. சேர்த்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. விடிகாலையில் ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். கட்டிய லுங்கியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு தாளை நீட்டினார்கள்; அண்ணியும் நானும் கையெழுத்துப் போட்டோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று இரண்டு பேருமே படிக்கவில்லை. அண்ணன் அச்சகத்தில் கம்பாசிட்டர். நாங்கள் நடத்திய சிறுபத்திரிகை உட்படப் பலவற்றுக்கு ஈய எழுத்துக் கோத்தவர். கம்ப்யூட்டர் வந்து ஈயமும் அவரும் சேர்ந்து வெளியேற்றப்பட்டபின் குடி முற்றியது. தலைகீழ் எழுத்தைச் சரளமாக வாசிக்கும் ஒரு மனிதரிடம் அந்தத் தாளைக் காட்டவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தாளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது 1858இல் தொடங்குகிறது.

சிப்பாய்க் கலகம் அடக்கப்பட்டு, ஆட்சி கம்பெனியிடமிருந்து மகாராணிக்கு மாறிய அதே வருஷம், பைத்தியம் தொடர்பாக மூன்று சட்டங்கள் 34, 35, 36 என்று அடுத்தடுத்த எண்களில் வந்தன. முதலிரண்டும் சொத்துள்ளவர்களுக்கானவை. சென்னை, கல்கத்தா, பம்பாய் உச்ச நீதிமன்றங்களுக்கு ஒன்று, மொபசல் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒன்று. ஒரு ஜமீன்தாருக்குச் சித்தசுவாதீனம் இல்லையென்று தாயாதி மனுக் கொடுத்தால் நீதிபதி விசாரிப்பார், சொத்துக்கு மேனேஜர் போடுவார். மூன்றாவதான 36ஆம் சட்டம் தெருவில் திரிகிறவர்களுக்கானது. போலீஸ் பிடித்து மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தும். வைத்தியர் சான்று தருவார். மாஜிஸ்டிரேட் கையெழுத்துப் போடுவார். ஆள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் போய்விடுவான். சொத்திருந்தால் விசாரணை, இல்லாவிட்டால் போலீஸ். வெள்ளைக்காரருக்கு இன்னொரு வழி இருந்தது. 1818 முதல் 1892 வரை, புத்தி பேதலித்த கம்பெனி ஆட்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஆளும் இனத்தான் உளறுவதை ஆளப்படுகிறவன் பார்த்துவிடக்கூடாதல்லவா!

சென்னையில் இந்த வியாபாரம் இன்னும் பழையது. 1794இல் வாலண்டைன் கானலி என்ற சர்ஜன் தொடங்கிய பைத்திய விடுதி, கம்பெனி காசு கொடுக்க, தனியார் நடத்திய ஒரு தொழில். இன்றைய 'மையங்களின்' மூதாதை என்று அதைச் சொல்லலாம். கீழ்ப்பாக்கத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது 1871இல். அதன்பிறகு அந்த ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லாத தமிழன் உண்டா? 1922இல் பலகையில் 'மனநோய் மருத்துவமனை' என்று மாற்றினார்கள், 1978இல் மறுபடி மாற்றினார்கள். வசைச்சொல் மாறவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொண்ணூறுகளில் நாமெல்லாம் ஃபூக்கோவைப் படித்தோம். படித்தோம் என்பதைவிட மேற்கோள் காட்டினோம் என்பதே சரி. 1656இல் பாரிஸில் பிச்சைக்காரர்களையும் பைத்தியங்களையும் ஒன்றாக அடைத்த 'மாபெரும் அடைப்பு' பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். கீழ்ப்பாக்கத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பதினைந்தாம் நம்பர் பஸ் பிடித்தால் போய்விடலாம் என்கிற தூரத்தில் இருந்ததாலோ என்னவோ!

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் 'பைத்தியத்துக்குக் காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் கஞ்சா. இந்த எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு கஞ்சாவைத் தடைசெய்யச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்தில் சத்தம் எழுந்தது. 1893இல் இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1894இல் அறிக்கை வந்தது. காலனிய அரசின் கமிஷன்தான், வருமானக் கணக்கும் அதன் மனசில் இருந்திருக்கும். ஆனாலும் அது ஒரு நல்ல காரியம் செய்தது. அந்தக் கட்டத்தை நிரப்பியது யார் என்று தேடிப்போனது. வைத்தியர் அல்ல, போலீஸ்காரர்! ஆளைப் பிடித்த போலீஸ் படிவத்தில் ஏதாவதொரு காரணம் எழுதியாக வேண்டும். தெருவில் திரிகிறவன் கஞ்சா குடித்திருப்பான் என்பது ஊகம். ஆஸ்பத்திரி அந்த ஊகத்தைப் பதிவேட்டில் ஏற்றும். பதிவேடு வருடாந்திர அறிக்கையில் புள்ளிவிவரமாகும். புள்ளிவிவரம் விஞ்ஞானமாகும். இந்தக் கணக்கை நம்பி எந்த முடிவுக்கும் வரமுடியாது என்று கமிஷன் சொன்னது. ஒரு கான்ஸ்டபிளின் எழுத்து எப்படி 'உண்மை' ஆகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆவணம் அபூர்வம். அதிகாரமும் அறிவும் பின்னிக்கிடக்கும் இடத்தைப் பார்க்க நாம் பாரிஸுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் பழைய சட்டங்களைத் தொகுத்தது. உறவினர் மனு, இரண்டு வைத்தியச் சான்றுகள், மாஜிஸ்டிரேட்டின் 'ஏற்பு ஆணை' என்ற ஒழுங்கு அதில் உறுதிப்பட்டது. திரிகிறவர்களைப் பிடிக்கும் போலீஸ் அதிகாரம் அப்படியே தொடர்ந்தது. சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது, 21ஆம் பிரிவு வந்தது. 1912 மட்டும் போகவில்லை. 1950லேயே மனநல மருத்துவர்கள் புதிய மசோதா ஒன்றைத் தயாரித்தார்கள். அது சட்டமாக 1987 வரை ஆனது. நடைமுறைக்கு வர 1993 ஏப்ரல். தேச விடுதலைக்குப் பிறகும் நாற்பத்தைந்து வருஷம் ஒரு மனிதனைப் பூட்டும் அதிகாரம் வெள்ளைக்காரன் எழுதிய வாக்கியத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது.

அந்த வாக்கியம் என்ன செய்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 1982இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த பீகார் வழக்கில், ஹசாரிபாக் சிறையில் 'சித்தசுவாதீனமற்றவர்கள்' என்று வைக்கப்பட்டிருந்தவர்கள் குணமாகிவிட்டதாகச் சான்று பெற்ற பிறகும் பல ஆண்டுகள், சிலர் இருபது முப்பது ஆண்டுகள்கூட, உள்ளேயே கிடந்தது வெளிப்பட்டது. அஸ்ஸாமில் ஒரு பழங்குடி மனிதர் 1951இல் கைதானார்; மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்; 1967இல் தெளிந்துவிட்டார் என்று சான்று வந்தது. வீட்டுக்கு அல்ல, சிறைக்கு மாற்றினார்கள். வெளியே வந்தது 2005இல். ஐம்பத்துநாலு வருஷம், விசாரணையே இல்லாமல். ஒரு ரூபாய் ஜாமீன்! இவர்களை யாரும் திட்டமிட்டுச் சித்திரவதை செய்யவில்லை. உள்ளே அனுப்ப ஒரு கையெழுத்து இருந்தது. வெளியே அனுப்பக் கையெழுத்துப் போடவேண்டியது யார் என்பது யாருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான். குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பதே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1993 ஆயிற்று.

1987 சட்டத்தில் 'லுனாடிக்' போயிற்று, 'மனநோயாளி' வந்தார். தானாக வந்து சேரலாம் என்றது. மருத்துவமனைகளுக்கு உரிமம் வேண்டும் என்றது. கண்ணியக் குறைவாக நடத்தக்கூடாது என்றது. எல்லாம் சரி. முக்கியமான மாற்றம் 19ஆம் பிரிவில் இருந்தது. உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து, இரண்டு மருத்துவர் சான்று (ஒருவர் அரசு மருத்துவர்) இருந்தால், மாஜிஸ்டிரேட் இல்லாமலே தொண்ணூறு நாள் வரை உள்ளே வைக்கலாம். சீர்திருத்தம் என்று பாராட்டப்பட்டது இது. கோர்ட்டு, போலீஸ் என்று அலையும் அவமானம் குடும்பத்துக்கு இல்லை. பூட்டப்படுகிறவனுக்கு? முன்பு தகப்பனைப் போன்றதொரு அரசு பூட்டியது, இப்போது அசல் தகப்பனே பூட்டினார்.

குடும்பம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. பார்கவி தாவரும் அமிதா தண்டாவும் இதைப் பெண்கள் பக்கத்திலிருந்து எழுதியவர்கள். 1955 இந்துத் திருமணச் சட்டத்தின்படி 'சித்தசுவாதீனமின்மை' விவாகரத்துக்கு ஒரு காரணம். ஆகவே மருத்துவச் சான்று ஒரு கணவனுக்கு எப்படியெல்லாம் பயன்படும் என்று விளக்கவேண்டியதில்லை. அதே சமயம், என் வீட்டில் அடி வாங்கியது அண்ணி. எங்கள் 'எதிர்-உளமருத்துவ'ப் பேச்சு எதுவும் அவர் முதுகுக்கு மருந்தாகவில்லை. அன்று அண்ணி போட்ட கையெழுத்தும் நான் போட்டதும் ஒரே தாளில் இருந்தாலும் ஒன்றல்ல. அவருக்கு அது மூச்சுவிட ஒரு மாசம். எனக்கு? தெருவில் தலைகுனிவு தீர்ந்தது. சட்டம் இந்த இரண்டையும் 'உறவினர்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியும் நேரத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். இதை எழுதும்போது அடுத்த வாக்கியத்துக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது.

உடனே ஆரம்பித்தது 'மூடநம்பிக்கை' பற்றிய பேச்சு. நாத்திகத் தோழர்களும் சேர்ந்துகொண்டார்கள், மற்றவர்கள் தர்கா என்பதாலேயே சேர்ந்துகொண்டார்கள். எரிந்தது தர்கா அல்ல. தர்காவுக்கு வருகிறவர்களை நம்பித் தனியார் நடத்திய கொட்டகை. மகானின் உத்தரவு கனவில் வரும்வரை காத்திருப்பது ஏர்வாடி வழக்கம். குணசீலத்தில் பெருமாள் சன்னதியில் ஒரு மண்டலம் தங்குகிறார்கள். கனவு வந்தால் விடுதலை என்பதில் குறைந்தபட்சம் ஒன்று இருக்கிறது. கனவு காண்கிறவர் நோயாளி. 1858லிருந்து அன்றுவரை வந்த எந்தச் சட்டத்திலும், கட்டாயமாகப் பூட்டப்பட்டவரின் விடுதலையை முடிவுசெய்தவர் அவர் அல்ல. சங்கிலியை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தச் சங்கிலி எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். மாசாமாசம் பணம் அனுப்பிய குடும்பங்களுக்கும், 1993 முதல் உரிமச் சட்டம் கையில் இருந்தும் எட்டிப்பார்க்காத அரசுக்கும் இடையில்தான் அந்தக் கொட்டகை நின்றது.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கவும், மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்றும் 2002இல் உத்தரவிட்டது. தமிழக அரசு கமிஷன் அமைத்தது, கொட்டகைகளை மூடியது. உள்ளே இருந்தவர்கள் வீட்டுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். எங்கே போக விருப்பம் என்று அவர்களைக் கேட்க ஒரு ஏற்பாடும் சட்டத்தில் இருக்கவில்லை. சங்கிலியும் ஒழியவில்லை. உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில் அதே காட்சி. 2019இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சங்கிலி கூடாது என்று சொல்லவேண்டி வந்தது.

2007இல் இந்தியா மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. ஒருவரின் ஊனத்தைக் காரணம் காட்டி அவரது சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது என்கிறது அதன் 14ஆம் பிரிவு. அதற்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்தப்போய் வந்தது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018இல் அமலானது. நல்ல சட்டமா? முன்பிருந்தவற்றோடு ஒப்பிட்டால் ஆமாம். மதம், அரசியல் கருத்து, ஊரோடு ஒத்துப்போகாமை இவற்றை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மயக்கமருந்தில்லாமல் ஷாக் கொடுக்கத் தடை. சங்கிலிக்குத் தடை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டனை கூடாது. எல்லாவற்றையும்விட, தெளிவாக இருக்கும்போதே 'எனக்கு இது செய்யுங்கள், இது செய்யாதீர்கள்' என்று எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணம். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாற்றில் பூட்டப்படுகிறவனின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் கிடைத்தது இதில்தான்.

ஆனால் 89ஆம் பிரிவைப் பாருங்கள். 'ஆதரவுடன் கூடிய சேர்க்கை' என்று பெயர். நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, இரண்டு மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதித்தால் முப்பது நாள் உள்ளே. அதற்குமேல் என்றால் 90ஆம் பிரிவு. தொண்ணூறு, நூற்றிருபது, நூற்றெண்பது என்று நீளும். நியமனப் பிரதிநிதியை நீங்கள் எழுதிவைக்கவில்லையா? அப்போது வரிசையில் உறவினர் வந்து நிற்கிறார். வெளியேற்றிய குடும்பம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு மறுஆய்வு வாரியம் உண்டு. அதில் இரண்டு இடம் மனநோயை அனுபவித்தவர்களுக்கு, 'அல்லது' பராமரிப்பவர்களுக்கு, 'அல்லது' தொண்டு நிறுவனத்தாருக்கு. இந்த இரண்டு 'அல்லது'க்களில் ஒருவர் எளிதாகக் காணாமல்போய்விடலாம். பல மாநிலங்களில் வாரியங்களை அமைக்கவே வருஷக்கணக்கில் ஆனது வேறு விஷயம்.

மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைகளையும் இந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. ஆக, குடி மறக்கவைக்கும் மையங்களும் இதற்குள் வந்தன, அடிதடியும் பூட்டும் வைத்திருப்பவை உட்பட. வரவேண்டியதுதான். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விசேஷ அர்த்தம் உண்டு. 2003 முதல் இங்கே சாராயத்தைச் சில்லறையில் விற்பது அரசு. கல்லாவில் அரசு, சான்றிதழில் அரசு, வாரியத்தில் அரசு. 1894 கமிஷன்காரர்கள் இப்போது வந்தால் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள்!

அண்ணன் அந்த மையத்தில் நாற்பது நாள் இருந்தார். அங்கே நடந்தவற்றைச் சொன்னதில்லை. இடது காது அதன்பிறகு சரியாகக் கேட்பதில்லை. குடியை விட்டது அங்கே அல்ல, பல வருஷம் கழித்து, தானாக. 2019இல் இந்தச் சட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். முன்விருப்ப ஆவணப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார், ரெண்டு அச்சுப்பிழை காட்டினார். கட்டிப்போடக்கூடாது என்று எழுதினார். நியமனப் பிரதிநிதி என்ற இடத்தில் என் பெயரையோ அண்ணி பெயரையோ எழுதவில்லை; அச்சகத்தில் கூட வேலை பார்த்த ஒருவரின் பெயரை எழுதினார். "தம்பி, நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. படிச்சிட்டுப் போடு" என்றார்.

படித்தேன். போட்டேன். பதிவுசெய்ய விசாரித்தபோது எங்கள் மாவட்டத்துக்கு வாரியம் இன்னும் அமைக்கப்படவில்லை என்றார்கள். தாள் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.