கல்முனைக்குடிக் கசகசா

மட்டக்களப்புத் தேசத்தின் தென்பாகத்திலே, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயலுமாக, அவ்விரண்டுக்குமிடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பிற் குடிகொண்டுள்ள கல்முனைக்குடியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், நெல்லைப் பற்றியும் மீனைப் பற்றியும், பள்ளிவாசல்களைப் பற்றியும் மரைக்காயர்மாரைப் பற்றியும் விரித்துரைப்பது வழக்கம். நோன்பு திறக்கும் வேளையிலே சர்பத்துக் குவளையினுள் கரிய கண்ணும் வெண்படலமுமாய் மிதக்கும் கசகசாவைப் பற்றி அவர்கள் ஒரு வாக்கியமேனும் எழுதுவதில்லை. அரசாங்கத்துக்கு வரி கொடாததும், சந்தையில் மூட்டைக் கணக்கில் விலைபோகாததும், வீட்டுப் பெண்களின் கைப்பொருளாயிருந்ததுமான ஒன்று ஏட்டில் ஏறுவது அரிது. ஆதலின் இதன் சரித்திரத்தை ஏட்டிலே தேடுவதினும் வழக்கத்திலே தேடுவதுதான் நமக்குக் கைகூடும்.

தமிழகத்து வாசகர் கசகசா என்றதும் அபினிச் செடியின் வெளிறிய விதையை நினைத்துக்கொள்வர்; அஃதன்று இது. இலங்கையிற் கசகசாவென்று விற்கப்படுவது திருநீற்றுப்பச்சைச் செடியின் கரிய விதை. சென்னைக் கடைகளிலே சப்ஜா விதையென்று கேட்டால் இதனைத்தான் நிறுத்துத் தருவார்கள். துளசிக்கு நெருங்கிய உறவான இச்செடிக்கு, லின்னேயசு என்னும் சுவீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி 1753இல் ஒசிமம் பசிலிக்கம் என்று நாமகரணஞ் செய்தார். முழங்காலளவு உயர்ந்து, தண்டின் நுனியிலே கதிர்விட்டு, வெள்ளையும் இளஞ்சிவப்புங் கலந்த சிறு பூக்களைச் சுற்றடுக்காகப் பூத்து, ஒவ்வொரு பூவின் அடியிலும் நந்நான்கு விதைகளை வைத்து முதிர்வது இதன் இயல்பு. இத்தாலியர் இதன் இலையை அரைத்து உண்கின்றனர். தாய்லாந்தினர் இறைச்சிக் கறியில் இடுகின்றனர். நம்மவரோ, கறிக்குக் கறிவேப்பிலையும் றம்பையும் போதுமென்று வாசனை மிக்க இலையை விட்டுவிட்டு, தனக்கென ஒரு சுவையுமில்லாத விதையை விரும்பி எடுத்துக்கொண்டனர். உஷ்ண பூமியில் நாக்கு கேட்பது ஒன்று, தொண்டை கேட்பது வேறொன்று போலும்!

இச்செடி மிகப் பழைய காலந்தொட்டே மனிதரின் விருப்பையும் வெறுப்பையும் ஒருங்கே பெற்றுவந்திருக்கிறது. கிரேக்க வைத்தியராகிய டயோஸ்கோரிடிஸ், இதனை மிகுதியாக உண்பது கண்ணொளியை மழுக்குமென்று எச்சரித்தார். உரோமாபுரிப் பிளினி, இவ்விதையை விதைப்போர் வசைமொழி சொல்லிக்கொண்டே விதைத்தால் செழித்து வளருமென்று தம் காலத்தவர் நம்பியதைக் குறித்துவைத்தார். பிஸ்மி சொல்லாமல் ஒரு விதையையும் மண்ணிலிடாத நம் மூத்தம்மாமார் இதனைக் கேள்விப்பட்டிருந்தால் அந்தப் பிளினியையே வைதிருப்பர். அராபியர் கைக்கு வந்தபின் இதன் மதிப்பு உயர்ந்தது. ரைஹான் என்னும் பெயர் திருக்குர்ஆனிலே அர்ரஹ்மான், அல்வாகிஆ ஆகிய இரண்டு அத்தியாயங்களில் வருகின்றது. நறுமணச் செடி யாவற்றுக்கும் அது பொதுவென்று வியாக்கியானிகள் கூறினும், கீழைத்தேச அரபு வழக்கிலே ரைஹான் என்றால் பெரும்பாலும் திருநீற்றுப்பச்சையே. ரைஹானை ஒருவர் கொடுத்தால் மறுக்கலாகாது, சுமப்பதற்கு இலேசானதும் மணத்தால் இனியதுமாகும் அது என்னும் கருத்துடைய நபிமொழியொன்று ஸஹீஹ் முஸ்லிமிலே பதிவாகியுள்ளது. எகிப்தியரின் பழக்கவழக்கங்களை 1836இல் நூலாக்கிய எட்வேர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர், பெருநாட் காலத்திற் கபுறடிக்குச் செல்லும் பெண்கள் ஈச்சங் கீற்றோடு இச்செடியின் கொழுந்தையும் கொண்டுசென்று வைத்ததைக் கண்டு எழுதினார்.

வைத்தியமும் இதனை விட்டுவைக்கவில்லை. கிரேக்கரின் வைத்திய ஞானம் அரபு மொழியிற் புகுந்து, இப்னு ஸீனா முதலிய பேரறிஞராற் செப்பமுற்று, யூனானி என்னும் பெயருடன் பாரசீகத்தினூடாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது, துக்மே ரைஹான் என்னும் பெயரில் இவ்விதையும் அதன் மருந்துப் பெட்டகத்தில் இருந்தது. சூட்டைத் தணிக்கவும், நீர்க்கடுப்பை ஆற்றவும், வயிற்றுக் கடுப்புக்கும் இதனை ஊறவைத்துக் கொடுப்பது ஹக்கீம்மாரின் முறை. தமிழ்ச் சித்த வைத்தியரும் ஏறத்தாழ இவற்றுக்கே இதனைப் பயன்படுத்தினர். 1929இல் கொழும்பிலே சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றியபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானிக்கும் அங்கே இடங் கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, கல்லூரியும் பட்டமுமில்லாத பரிசாரிமார் இந்த ஔஷதத்தை ஊருக்கு ஊர் கையாண்டுவந்தனர்.

கல்முனைக் கரைக்கு இவ்விதை வந்த வழிகளாக இரண்டைக் கருத இடமுண்டு. போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிக்குட்பட்ட பிரதேசத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற முற்பட்டபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, 4,000 பேர் வரையிலே மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினானென்று போர்த்துக்கேயப் பாதிரியாரான குவெய்ரோஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த முஸ்லிம்களோடு மேற்குக் கரையின் வர்த்தகப் பழக்கமுடைய இவர்களும் சேர்ந்தபோது, அரபு வணிகத்தின் மருந்துச் சரக்குகளும் உடன் வந்திருத்தல் இயல்பு. மற்றை வழி நாகூர் வழி. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்கள் எழுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலும் கொடியேற்றம் தொடங்கி, ஜமாதுல் ஆகிர் மாதத்தின் தலைப்பிறை முதல் பன்னிரண்டு நாள் நடைபெற்று, இரு நூற்றாண்டளவாக நிலைத்துவருகின்றது. சோழமண்டலக் கரைக்கும் இக்கரைக்குமிடையே பாய்மரம் ஓடிய காலத்தில், கொடியும் மௌலிதும் வந்த கடல்வழியிலே அத்தரும் சாம்பிராணியும் கசகசாவும் வருவது தடைப்பட்டிராது. அக்கொடியேற்றக் கந்தூரி விழாவுக்கு வெளியூர்களிலிருந்து திரளும் சனங்கள் கடற்கரை வெயிலில் நின்று பருகும் சர்பத்தில் இவ்விதை இன்றும் மிதக்கின்றது.

வந்த விதை தங்கியதற்குக் காரணம் இவ்வூரின் வளவு. தென்கிழக்குக் கரையோர முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை நிலைத்திருப்பதும், மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டிலேயே வந்து குடியிருப்பதும், வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் சேர்வதும் யாவருமறிந்த செய்தி. அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றில் வாழ்ந்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெருநூலிலும் இதனை விரிவாக எழுதியுள்ளார். வயலுக்கு ஆண் சொந்தக்காரனாயிருக்கலாம், கிணற்றடி பெண்ணினுடையது. உம்மாவின் வளவு மகளின் வளவாகும்போது, அதிலே நின்ற மருதோன்றியும் முருங்கையும் போலத் திருநீற்றுப்பச்சையும் வேரோடு கைமாறியது. வெளியூரிலிருந்து பெண் வந்து புதுவளவிலே புதிதாக நட்டு வளர்க்கவேண்டிய அவசியம் இம்முறையில் இல்லாமையால், ஒருமுறை வேர்கொண்ட செடிக்கு வம்சந் தொடர்வது எளிதாயிற்று. இது என் அனுமானமே. எனினும் இவ்வூர்க் குடிமுறையை நோக்குவார்க்கு இதிற் பிழை தோன்றாது.

பயிரிடும் முறையோ மிகச் சுலபம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மாரி மழையை இச்செடி பொறுக்காது. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மழை ஓய்ந்து தை பிறந்தபின், ஈரம் முற்றாக வற்றுமுன், கிணற்றடி மணலைக் கிளறிச் சாணகத் தூளும் சாம்பலுங் கலந்து, கடுகினுஞ் சிறிதான விதையை ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, கையால் மெல்லத் தடவிவிட்டாற் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. நீர் பட்ட மறுகணமே விதையின் மேற்றோல் பசையாக வீங்கி மணலைப் பற்றிக்கொள்கின்றது; பற்றிக்கொண்ட விதையை எறும்பு இழுத்துச்செல்வது கடினம், காற்று அள்ளிச்செல்வதும் கடினம்; சுற்றியுள்ள மணல் காய்ந்தாலும் பசையிலுள்ள ஈரம் முளையைத் தாங்கும். நோன்பாளியின் தொண்டையை நனைப்பதற்கென்று நாம் நினைக்கும் அந்தப் பசை, உண்மையிலே வறண்ட நிலத்திற் பிழைப்பதற்காகச் செடி தனக்குத் தேடிக்கொண்ட உபாயமாகும். ஒரு வாரத்துள் முளைத்து, இரண்டு மாதத்திற் பூத்து, மூன்று மாதமளவிற் கதிர் கருகத் தொடங்கும். பூக்குமுன் நுனியைக் கிள்ளினால் இலை பெருகும். விதை வேண்டுவோர் கிள்ளாமல் விட்டுத் தேனீக்களுக்கு இடங்கொடுக்க வேண்டும். மலையைத் தாண்டி மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அனலாக வருமுன்னே கதிரை ஒடித்து, பாயிலே காயவைத்து, உள்ளங்கையிற் கசக்கி, சுளகிலிட்டுப் புடைத்தால் விதை வேறு உமி வேறாகப் பிரியும். உதிர்ந்தவை அடுத்த மாரிக்குப் பின் தாமே முளைப்பதும் உண்டு.

அறுத்த விதையின் பெரும்பகுதி ரமழானுக்காகப் போத்தலில் அடைபடும். அஸருக்குப் பின் ஒரு கரண்டி விதை குளிர்ந்த நீரிலே ஊறும். கால் மணி நேரத்திற் பல மடங்கு பருத்துவிடும். சீனிப்பாகும் தேசிக்காய்ப் புளியும், அல்லது பாலும் ரோஜாப் பாகும் சேர்ந்த சர்பத்திலே அதனைக் கலந்து, பேரீச்சம்பழத்துக்கும் நோன்புக் கஞ்சிக்கும் பக்கத்தில் வைப்பார்கள். பலூடா என்னும் பாரசீக வழிவந்த பானம் பம்பாய் மார்க்கமாகக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கல்முனைக் கடைத்தெருவை அடைந்தபோது, சேமியாவும் ஜெலியும் புதியனவாயிருந்தன. கசகசா மாத்திரம் பழைய சிநேகிதன்.

1942இல், பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்று நாடு தவித்த வேளையிலே, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, உணவுற்பத்தியைப் பெருக்கப் பாடுபட்டதையும், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்துக்கு வித்திட்டதையும் இவ்வூர் நன்றியோடு நினைக்கின்றது. காடு வயலாயிற்று, நெல் கணக்கேறியது. கிணற்றடிச் செடியைக் கணக்கிடுவது அரசாங்கக் கச்சேரிக்கு வேலையன்று. அதிற் குறைகூறவும் இடமில்லை.

பிற்காலத்திலே வழக்கம் நிலைத்தது, பயிர் தளர்ந்தது. சனத்தொகை பெருகி, ஒரு வளவு மூன்று மகளுக்கு மூன்று வீடாகப் பிரிந்தபோது, கிணற்றடி முதலிற் சுருங்கியது. இந்தியாவிலிருந்து இறக்குமதியான பொட்டலம் சில்லறைக் கடையிற் கைக்கெட்டும் விலைக்குக் கிடைத்தபோது, புடைத்துத் தூற்றும் வேலை வீண்வேலையாகத் தோன்றிற்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த கடல், அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோய், கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்ற விதியும் பிறந்தது. தப்பியவரிற் பலர் குடியேறிய கிறீன்பீல்ட் முதலிய தொடர்மாடிகளிலே வளவுமில்லை, கிணற்றடியுமில்லை. பள்ளியும் நோன்பும் கசகசாவைக் குடிக்கச் சொல்லின, வளர்க்கச் சொல்லவில்லை. ஆகவே குடிப்பது மட்டும் மிஞ்சிற்று. இப்பொழுது மெக்சிக்கோ நாட்டுச் சியா விதையை உடல் மெலிவதற்கென்று அதிக விலை கொடுத்து வாங்கி, அதுவும் இதே குடும்பத்துச் செடியின் இதேபோன்ற பசைவிதையென்பதை அறியாமற் குடிக்கும் இளைஞரைக் காணும்போது சிரிப்பும் வருகின்றது, சற்றே கோபமும் வருகின்றது.

தொடர்மாடியில் வாழ்வோர்க்கும் வழி உண்டு. அடியில் ஓட்டையிட்ட பழைய வாளியொன்றும், நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலும் இதற்குப் போதும். பொட்டலத்து விதையே பெரும்பாலும் முளைக்குந் திறனுடையது. அதிலொரு சிட்டிகையைச் சர்பத்துக்குப் போடாமல் தை மாதம் வரை எடுத்துவைத்துத் தூவிப் பாருங்கள். குடிப்பதற்கு எடுக்கும் விதையை மட்டும் முற்றாக ஊறியபின்னரே வாயிலிடுங்கள். ஊறாத விதை தொண்டையிலே பருத்து அடைக்கக்கூடும், சிறுபிள்ளைகளுக்கு அது அபாயம்.