புதுச்சேரியில் கைப்பேசிச் சேவை விளம்பரங்கள்

2000 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில் கைப்பேசிச் சேவை நிறுவனங்கள் வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரங்கள் இந்திய விளம்பர வரலாற்றில் தனி இடம் பெற்றவை. ஏர்டெல்லின் மெட்டு, ஹட்சின் நாய், டாட்டா டொகோமோவின் முணுமுணுப்பு, வோடபோனின் ஜூஜூ ஆகியவை புதுச்சேரி நகர மக்களுக்கும் நன்கு அறிமுகமானவை. இவற்றுள் எதுவும் புதுச்சேரிக்கென எடுக்கப்பட்டதன்று. நாடு முழுவதற்கும் பொதுவாக உருவான இவ்விளம்பரங்கள் தமிழ் வீடுகளிலும் நிலைத்ததற்கு முதன்மையான காரணம், அவை சொற்களை நம்பாமல் இசையையும் காட்சியையும் நம்பியதே ஆகும்.

பின்னணி

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று நிகழ்ந்தது. அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த நடுவண் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். தொடக்க ஆண்டுகளில் பேசுவதற்கு மட்டுமன்றி, வரும் அழைப்பை எடுப்பதற்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003 மே மாதம் முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தபின், கைப்பேசி எளிய மக்களின் கைக்கும் எட்டியது. விளம்பரப் போட்டி சூடுபிடித்ததும் இக்காலத்தில்தான்.

சேவை உரிமங்கள் 'வட்டம்' என்ற அடிப்படையில் வழங்கப்பட்டன. புதுச்சேரி நகரம் தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தது. சென்னை மாநகரம் தொடக்கத்தில் தனி வட்டமாக இருந்தது. தமிழ்நாடு வட்டத்தில் பி.பி.எல், ஏர்செல் ஆகியவை முதலில் இயங்கின. பின்னர் ஏர்டெல்லும் பி.எஸ்.என்.எல்லும் வந்து சேர்ந்தன. சேவைக்கு வட்ட எல்லை இருந்தது. செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு அந்த எல்லை இல்லை. இதனால் ஒரு நிறுவனம் ஓர் ஊருக்கு வருமுன்பே அதன் விளம்பரம் அவ்வூரை எட்டிவிடும் நிலை உண்டானது.

ஏர்டெல் மெட்டு

2002 இல் ஏர்டெல் தன் விளம்பரத்துக்கு ஏ. ஆர். ரகுமானை இசையமைக்கச் செய்து, அவரையே திரையிலும் தோன்றச் செய்தது. தமிழ்த் திரையிசையில் புகழ்பெற்று, பின்னர் இந்தித் திரையுலகிலும் வேரூன்றியிருந்த அவரை வடக்கும் தெற்கும் ஒருசேர அறிந்திருந்தன. அந்தச் சிறு மெட்டு விளம்பரத்தை விட்டு வெளியேறி, அழைப்பொலியாகப் பல கைப்பேசிகளில் குடிகொண்டது. 2010 இல் நிறுவனம் தன் சின்னத்தை மாற்றியபோதும் மெட்டைக் கைவிடவில்லை. ரகுமானே அதைப் புதுப்பித்துத் தந்தார்.

ஹட்ச் நாய்

2003 இல் வெளிவந்த ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் செல்லுமிடமெல்லாம் பக் இன நாய் ஒன்று பின்தொடரும். எங்கு சென்றாலும் எங்கள் அலைவரிசை உங்களைத் தொடரும் என்பதே அதன் பொருள். ஓகில்வி நிறுவனம் உருவாக்கிய இப்படத்தைப் பிரகாஷ் வர்மா இயக்கினார். நாய் எதுவும் பேசவில்லை, சிறுவனும் பேசவில்லை. பின்னணியில் ஒலித்த ஆங்கிலப் பாடல் புரியாதவருக்கும் செய்தி புரிந்தது.

இவ்விளம்பரம் வெளிவந்தபோது ஹட்ச் சேவை சென்னையில் இருந்தது, புதுச்சேரியில் இல்லை. பி.பி.எல் நிறுவனத்தின் தமிழ்நாடு, கேரளம், மகாராட்டிரம் ஆகிய வட்டங்கள் 2006 இல் ஹட்ச் வசமான பிறகே அச்சேவை இங்கு வந்தது. சேவைக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நாய் வந்துவிட்டது எனலாம்.

2007 செப்டம்பரில் ஹட்ச், வோடபோன் எனப் பெயர் மாறியது. இளஞ்சிவப்புக் கூண்டிலிருந்து வெளியே செல்லும் நாய், திரும்பி வரும்போது சிவப்புக் கூண்டினுள் நுழைவதாகக் காட்டி அம்மாற்றம் அறிவிக்கப்பட்டது. இவ்விளம்பரங்களுக்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. இந்திய நகரங்களில் பக் நாய்களுக்குத் தேவை பெருகியது. தட்டையான மூக்கினால் மூச்சுத்திணறலுக்கு ஆளாகும் இவ்வினம் வெப்பமான ஊர்களுக்கு ஏற்றதன்று என விலங்குநல அமைப்புகள் எச்சரித்தன.

ஜூஜூ

2009 ஏப்ரல், மே மாதங்களில் ஐ.பி.எல் கிரிக்கெட் தொடர் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றது. அப்போது வோடபோன் ஏறத்தாழ 30 குறும்படங்களை வெளியிட்டது. முட்டை வடிவத் தலையும் வெள்ளை உடலும் கொண்ட ஜூஜூக்கள் அசைவூட்டப் படங்கள் அல்ல. வெள்ளை உடையணிந்த நடிகர்களே. படப்பிடிப்பு கேப்டவுன் நகரில் நடைபெற்றது. இவற்றையும் ஓகில்வி நிறுவனத்துக்காகப் பிரகாஷ் வர்மாவே இயக்கினார்.

ஜூஜூக்கள் பேசியது எந்த மொழியும் அன்று, வெறும் ஒலிகள். நாடு முழுவதற்கும் ஒரே அலைவரிசையில் ஒளிபரப்பான போட்டியின் இடைவேளைகளுக்கு இது மிகப் பொருத்தமாக அமைந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியையே இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசுபவை. மாகி மலையாளம் பேசுவது. ஏனாம் தெலுங்கு பேசுவது. ஒரே ஆட்சியின் கீழுள்ள இந்நான்கு பகுதிகளிலும் உரையாடல் உள்ள விளம்பரத்துக்கு மூன்று மொழிகளில் குரல் கொடுக்க வேண்டும். ஜூஜூவுக்கு அத்தேவை இல்லை. மாறாக, அபிஷேக் பச்சன் நடித்த ஐடியா விளம்பரங்களின் ஆங்கிலமும் இந்தியும் கலந்த புகழ்பெற்ற சொற்றொடர், மொழிமாற்றத்தில் தன் சுவையை இழந்தது.

சப்பானும் டொகோமோவும்

சப்பானில் சாஃப்ட்பேங்க் நிறுவனம் 2007 முதல் வெளியிட்ட தொடர் விளம்பரத்திலும் ஒரு நாயே நாயகன். அந்த வெள்ளை நாய் ஒரு குடும்பத்தின் தந்தை. மனைவி மக்களை அதட்டிப் பேசும். ஒரே மொழி பேசும் நாட்டில் நகைச்சுவை முழுவதையும் உரையாடலில் வைக்க முடிந்தது. இந்தியாவின் நாயோ பேசாமல் இருந்தே வென்றது.

சப்பானின் என்.டி.டி டொகோமோ, டாட்டா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 2009 இல் டாட்டா டொகோமோ சேவையைத் தொடங்கியது. நிமிடக் கணக்குக்குப் பதிலாக நொடிக்கு 1 காசு என்ற கட்டணம் பேச்சானது. மற்ற நிறுவனங்களும் அவ்வழிக்கு வர நேர்ந்தது. தொடர்வண்டியில் அறிமுகமற்ற பயணிகள் ஒவ்வொருவராக அதன் மெட்டை முணுமுணுக்கும் விளம்பரம் பரவலாக அறியப்பட்டது. தமிழ் மக்களுக்கென நடிகர் விஜய் இந்நிறுவனத்தின் விளம்பரங்களில் நடித்தார்.

ஏர்செல்

தமிழ்நாடு வட்டத்தில் 1999 இல் தொடங்கிய ஏர்செல், தமிழகத்தில் வேரூன்றிய நிறுவனம். நடிகர் சூர்யா அதன் விளம்பரங்களில் தோன்றினார். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உடையிலும் அதன் பெயர் இருந்தது. 2010 இல் உலக இயற்கை நிதியத்துடன் இணைந்து நடத்திய புலிப் பாதுகாப்பு இயக்கத்தின் விளம்பரம், இந்தியாவில் எஞ்சியுள்ள புலிகள் 1,411 மட்டுமே என்ற எண்ணைப் பரவலாக்கியது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் எழுந்த கட்டணப் போட்டியில், கடன்சுமையில் இருந்த ஏர்செல் தாக்குப்பிடிக்கவில்லை. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அதன் அலைவரிசை முடங்கியது. அம்மாத இறுதியில் நிறுவனம் நொடிப்பு மனு அளித்தது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்குக் குறுஞ்செய்தி வழியே ஒரு குறியீட்டைப் பெற வேண்டும். அக்குறுஞ்செய்திக்கும் அலைவரிசை இல்லாமல் வாடிக்கையாளர்கள் திண்டாடினர். வங்கிக் கணக்கு, எரிவளி உருளைப் பதிவு, உறவினர் தொடர்பு என அனைத்தும் அந்தப் பத்து இலக்க எண்ணையே சார்ந்திருந்தன. எங்கும் உடன்வரும் என விளம்பரங்கள் உறுதியளித்த அலைவரிசை எத்தனை இன்றியமையாததாகிவிட்டது என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

இன்றைய நிலை

வோடபோனும் ஐடியாவும் 2018 இல் இணைந்து, 2020 முதல் வி என்ற பெயரில் இயங்குகின்றன. டாட்டாவின் கைப்பேசி வணிகம் 2019 இல் ஏர்டெல்லுடன் சேர்ந்தது. மேலே விரிவாகக் கூறப்பட்ட விளம்பரங்களை வெளியிட்டவற்றுள் பழைய பெயரிலேயே புதுச்சேரியில் கைப்பேசிச் சேவை வழங்குவது ஏர்டெல் மட்டுமே. மற்றவற்றின் பெயர்கள் மறைந்தபோதும், நாயையும் ஜூஜூவையும் டொகோமோ மெட்டையும் அக்காலத்தில் தொலைக்காட்சி பார்த்தவர்கள் இன்றும் அடையாளம் காண்கின்றனர்.