ஒரு வெள்ளிச் சீட்டின் சரித்திரம்

ஈப்போவுக்கு அருகேயுள்ள சர்க்கார் கிளினிக் ஒன்றில், நமது அன்னையாருக்காக ஒரு வெள்ளி கட்டி, விடியற்காலை முதல் உச்சிவேளை வரை காத்திருந்தோம். அருகிருந்த தோட்டத்துக் கிழவர், "கிராணி ஐயா, இந்தத் தருமம் எத்தனை நாளைக்கு?" என்றார். தருமமா? சரித்திரத்தைப் பார்ப்போம்.

பேராக்கில் காடழித்து ரப்பர் நட்ட நாளில் நம்மவரை வாரிக்கொண்டது புலியன்று, காய்ச்சல். அதனை விதியென்று நம்பிக் கிடந்தோம். 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவின் வழியைக் கொசுவினிடம் கண்டார். 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து அந்நோயை அடக்கிக் காட்டினார். விதி வடிகாலில் ஓடிற்று!

1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் வைத்தியப் பொறுப்பைத் தோட்ட முதலாளிகள்மேல் வைத்தது. மாண்டவன் மரம் சீவான் என்ற கணக்கும் துரைமாரை அசைத்திருக்கும். டிரசர் வந்தார், கொய்னா வந்தது.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாயின. நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் டிரசர் அறை இன்று உரக்கிடங்கு. எஞ்சியது சர்க்கார் வைத்தியமே. அதன் கதியென்ன? 2016 முதல் இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தினர். 2021 ஜூலை 26-ல் அவர்கள் வெளிநடந்து முறையிட்டனர். 2023 ஜூனில் மக்களவை, 15 வருஷச் சீர்திருத்தம் கூறும் சுகாதார வெள்ளையறிக்கையை ஏற்றது. அதற்குப் பணம் எவர் மடியிலிருந்து வரும் என்பதே கேள்வி.

தோழர்களே! அந்த ஒரு வெள்ளி பிச்சையன்று; நம் பாட்டன்மார் உயிராற் கட்டிய தொகையின் மீதி. திருவிழாவுக்குக் கணக்குக் கேட்கும் நாம் ஆஸ்பத்திரிக்கும் கேட்போமாக. கிழவருக்கு நம் விடை இதுவே: கேட்கும் நாள் வரைக்கும்.