அச்சிறுபாக்கமும் கங்கை மணலும்

தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 32-னுள் ஒன்றாய அச்சிறுபாக்கம், செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்குத் தெற்கே அச்சரப்பாக்கம் என வழங்குகின்றது. ஆளுடைய பிள்ளையாரது திருப்பதிகம் முதற்றிருமுறையில் உள்ளது. அச்சு இற்ற இடமாதலின் இப்பெயர் எய்திற்றென்பர். இற்றது எவ்வச்சு என்பதற்குக் கதைகள் இரண்டு. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட பெருமானது தேரச்சு, மூத்த பிள்ளையாரை வழிபடாமையின் முறிந்ததென்பது ஒன்று. அருணகிரிநாதரும் அதனைக் குறித்தனர். மற்றையதே ஈண்டு ஆராய்தற்குரியது.

பாண்டியன் ஒருவன் திருப்பணியின்பொருட்டுக் கங்கைக் கரையினின்றும் மணலை வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்தான். இவ்வூரில் அச்சு முறிந்தது. பொன்னிற உடும்பொன்று தோன்றிச் சரக்கொன்றை மரத்துட் புகுந்து மறைய, ஆண்டு இறைவன் இருத்தலை அரசன் உணர்ந்து, திரிநேத்திரதாரி என்னும் முனிவர்பாற் கோயிற்பணியை ஒப்புவித்துச் சென்றான். மீண்டு வந்தவன் இரண்டு கருவறைகளைக் கண்டு வினவ, ஒன்று உம்மை ஆட்கொண்டார்க்கு, ஒன்று எம்மை ஆட்கொண்டார்க்கு என்றனர் முனிவர். உமையாட்சிநாதர் என்னும் திருநாமம் உமையம்மையோடு இயைவதுபோலத் தோன்றினும், கதையின்படி அது 'உம்மை' என்பதன் வழிவந்ததே. அரசனையும் முனிவனையும் ஒருங்கே ஆட்கொண்ட இச்செய்தி சித்தாந்திகள் உவக்கத்தக்கது.

இக்கதையை ஒரு மன்னனது ஆட்சியாண்டோடு பிணைத்தல் இயலாது. ஆயினும் கங்கையைத் தென்னாடு கொணர்தல் வெறுங்கற்பனையன்று. 1023 அளவில் முதல் இராசேந்திர சோழன் படை கங்கைநீர் கொணர்ந்ததும், சோழகங்கம் என்னும் ஏரி நீராலாகிய வெற்றித்தூணாகக் கருதப்பட்டதும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளால் அறியப்படும். சோழன் கொணர்ந்தது வெற்றிக்கு. பாண்டியன் கொணர்ந்தது திருப்பணிக்கு. நீரை விடுத்து மணலைக் கொணர்ந்தான் என்பதே இக்கதையின் தனிச்சிறப்பு.

அம்மணல் யாது? ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்திரிப் பனியாற்றின் வாயாகிய கோமுகத்தினின்றும் பாகீரதி புறப்படுகின்றது. தேவப்பிரயாகையில் அளகநந்தையோடு கூடிக் கங்கை எனப் பெயர்பெறும். பனிப்பாளம் தன் பொறையால் மெல்ல நகருங்கால் அடிப்பாறையை அரைத்துத் துகளாக்கும். அத்துகளும், மழையும் வெள்ளமும் அறுத்த மலைக்கற்பொடியும் சேர்ந்ததே கங்கை மணல். ஆகவே வண்டியில் வந்தது இமயமே எனினும் பொருந்தும்.

இந்நாட்டிலேயே, வடகிழக்கே கடன்மல்லையில், கங்கையைக் கல்லிற் காட்டிய பல்லவர் பணியொன்று உளது. ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அப்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தவம் என்றே நெடுங்காலம் வழங்கினர். 1914-இல் பிரெஞ்சு அறிஞர் கொலூபெவ் அது கங்கை இறங்குதலே என்றனர். அருச்சுனன் தவம் என்பார், ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும், வரதக்கையோடு நிற்கும் சிவபெருமானையும் காட்டுவர். திருச்சிராப்பள்ளிப் பல்லவர் குடைவரையிற்போல ஈண்டுப் பெருமான் சடையிற் கங்கையை ஏற்கவில்லையே என்றும் வினவுவர். தடை வலியதே. ஆயினும் நடுவிலுள்ள பிளவையும், அதன்வழி ஏறும் நாகர்களையும், நீர் விடுதற்கென மேலே அமைத்த தொட்டியின் அடையாளத்தையும், கீழே துணி பிழிவாரையும் குடம் சுமப்பாரையும் அருச்சுனன் கதையால் விளக்குவது எங்ஙனம்? இரு பொருளும் கொள்க என்பாரும் உளர். பிளவினை ஒருபுடை ஒதுக்கிப் பார்க்கும் கண் எமக்கு இல்லை. கங்கை என்றே துணிகின்றோம்.

சடையில் ஏற்றல் என்பது அடக்கி அருளுதல். அடங்காத வீழ்ச்சியின் கொடுமையை 2013 சூன் 16, 17-ஆம் நாட்களில் கேதாரம் கண்டது. பெருமழையோடு, சோராபாரிப் பனியாற்றையடுத்த ஏரியும் கரையுடைய, மந்தாகினி வெள்ளமும் கற்களும் ஊரை அழித்தன, உயிரிழந்தோர் பல்லாயிரவர். பின்புறம் வந்து தங்கிய பெரும்பாறையொன்று வெள்ளத்தை இருகூறாக்கியதனால், திருக்கோயில் நிலைபெற்றது. பெரியபுராணத்தின்படி, திருக்காளத்தியில் இருந்தவாறே ஆளுடைய பிள்ளையார் பாடிய திருக்கேதாரம் அதுவே.