கொரிய இணையப் புத்தொழில்கள்: உள்நாட்டு வளர்ச்சியும் உலக அறிமுகமும்

சமூக வலைத்தளம், மெய்நிகர் பொருள் விற்பனை, பயனர்களே கேட்டுப் பயனர்களே பதில் சொல்லும் சேவை ஆகியவை உலகெங்கும் வழக்கமாவதற்கு முன்பே தென்கொரியாவில் பெருந்தொழில்களாக வளர்ந்திருந்தன. இருந்தும் இணைய வரலாற்றை எழுதுவோர் பலர் சிலிக்கன் பள்ளத்தாக்கிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கொரிய நிறுவனங்களுக்கு அதில் உரிய இடம் கிடைக்காததற்கு மொழித் தடையே காரணம் என்பது பரவலான விளக்கம். அந்த விளக்கம் போதாது. இந்த நிறுவனங்களை உள்நாட்டில் தழைக்க வைத்த ஏற்பாடுகளே வெளியாருக்குக் கதவையும் அடைத்தன. அவை தளர்ந்த பிறகே உலகின் பார்வை கொரியாவின் பக்கம் திரும்பியது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1997 நிதி நெருக்கடியில் பெருங்குழுமங்கள் ஆட்டம் கண்டபோது, கொரிய அரசு புதிய தொழில்முனைவோரை நாடியது. சிறு நிறுவனங்களுக்கான கோஸ்டாக் பங்குச் சந்தை 1996இலேயே தொடங்கியிருந்தது. புதுமுயற்சி நிறுவனங்களுக்கான சிறப்புச் சட்டம் 1997இல் வந்தது. அதிவேக இணைய இணைப்பு வீடுகளுக்கு விரைந்து பரவியது. 1995இல் தொடங்கப்பட்ட இணைய வாயில் நிறுவனமான டௌம் 1999இல் கோஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. அதே ஆண்டில் சமூக வலைத்தளமான சைவேர்ல்டும் தேடுதளமான நேவரும் பிறந்தன. முதலீடு, வாடிக்கையாளர், பங்குச் சந்தை மூன்றும் உள்நாட்டிலேயே கிடைத்ததால், வெளிநாட்டாரிடம் தங்களை விளக்க வேண்டிய கட்டாயம் இந்த நிறுவனங்களுக்கு ஏற்படவில்லை.

சைவேர்ல்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதில் ஒவ்வொருவருக்கும் 'மினிஹோம்பி' என்ற சிறு பக்கம் இருந்தது. அதன் அறையை அலங்கரிக்கவும் பின்னணிப் பாடல் ஒலிக்கச் செய்யவும் 'தொத்தோரி' என்ற மெய்நிகர் நாணயம் வேண்டியிருந்தது. ஒன்றின் விலை 100 வோனாக இருந்தது. ஃபேஸ்புக் 2004இல் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே எஸ்.கே. குழுமம் சைவேர்ல்டை வாங்கிவிட்டது. நேவரின் கேள்வி-பதில் சேவை 2002இலேயே வந்தது. யாஹூ ஆன்சர்ஸ் வந்தது 2005இல். ஆனால் கொரியத் தளங்களில் உறுப்பினராக 13 இலக்கக் குடிமக்கள் பதிவு எண்ணைத் தருவதே அன்று பொது வழக்கமாக இருந்தது. உள்நாட்டு மறைகுறியீட்டு முறைக்காக ஆக்டிவ்எக்ஸ் நிரலை நிறுவினால்தான் பணம் செலுத்த முடிந்தது. அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில் மட்டுமே இயங்கியது. 2007இல் பெரிய தளங்களுக்கு உண்மைப் பெயர்ச் சரிபார்ப்பு சட்டப்படி கட்டாயமானது. யூடியூப் அதற்கு உடன்படாமல், 2009இல் கொரியப் பதிப்பில் காணொளி ஏற்றுவதையும் கருத்திடுவதையும் நிறுத்தியது. வெளிநாட்டவர் ஒருவர் கொரிய மொழியை நன்கு கற்றிருந்தாலும் இந்த வாயிலைத் தாண்டுவது கடினமாகவே இருந்திருக்கும்.

வெளியே செல்ல நடந்த முதல் முயற்சிகள் தோற்றதும் தற்செயல் அல்ல. டௌம் 2004இல் அமெரிக்கத் தேடுதளமான லைகாஸை ஏறத்தாழ 9.5 கோடி டாலருக்கு வாங்கி, 2010இல் ஹைதராபாத்தின் ஒய்பிரான்ட் நிறுவனத்துக்கு 3.6 கோடி டாலருக்கு விற்றது. 2006இல் அமெரிக்காவுக்குச் சென்ற சைவேர்ல்டும் சில ஆண்டுகளிலேயே அங்கு மூடப்பட்டது. ஒன்று மங்கிய பெயரை விலைக்கு வாங்கியது. மற்றொன்று உள்நாட்டில் வென்ற பொருளை ஏற்றுமதி செய்தது. இதற்கு மாறாக, நேவரின் ஜப்பானியக் கிளை 2011 நிலநடுக்கத்துக்குப் பின் லைன் உரையாடல் செயலியை ஜப்பானிலேயே, ஜப்பானியருக்காகவே உருவாக்கியது. அது தாய்லாந்திலும் தைவானிலும் வேரூன்றி, 2016இல் நியூயார்க், டோக்கியோ சந்தைகளில் பட்டியலிடப்பட்டது.

மொழியே தடை என்போர், கொரிய இணைய விளையாட்டுகள் மட்டும் உலகெங்கும் பரவியதைச் சான்றாகக் காட்டலாம். விளையாட்டுக்குச் சொற்கள் குறைவாகவே தேவை என்பது உண்மைதான். தமிழ்நாட்டு இளைஞர்களையும் ஈர்த்த பப்ஜி அதற்கு உதாரணம். ஆனால் லைன் பெரும்பாலும் எழுத்தாலும் பேச்சாலும் இயங்கும் சேவை. அது வென்றிருக்க, மொழியை முதற்காரணமாகக் கொள்ள முடியாது. வாடிக்கையாளர்களைப் பெரும்பாலும் கொரியாவிலேயே கொண்ட இணைய வணிக நிறுவனமான கூபாங், 2021இல் நியூயார்க்கில் 460 கோடி டாலர் திரட்டியதே, பிறகு வெளிநாட்டு அறிமுகம் எதற்கு என்பது வலுவான இன்னொரு மறுப்பு. ஆனால் கூபாங்கின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது. 2015இல் அதில் 100 கோடி டாலர் முதலிட்டது ஜப்பானின் சாஃப்ட்பேங்க். பயனர்களிடம் அறிமுகமாகாத நிறுவனமும் முதலீட்டாளர்களிடம் அறிமுகமாகியே ஆக வேண்டியிருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது.

திருப்பம் நேர்ந்த காலமும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. கைபேசிகளில் உள்நாட்டு மென்பொருள் தளம் இருக்க வேண்டும் என்ற விதி 2009 ஏப்ரலில் நீங்கியது. நவம்பரில் ஐபோன் கொரியாவுக்குள் வந்தது. செயலிகள் உலகப் பொதுக் கடைகள் வழியே விற்கப்படலாயின. 2012இல் அரசமைப்பு நீதிமன்றம் உண்மைப் பெயர்ச் சட்டத்தை ரத்து செய்தது. இந்தப் புதிய சூழலில் பிறந்த ஹைப்பர்கனெக்ட், தன் அசார் காணொளி உரையாடல் செயலிக்குப் பெரும்பாலான பயனர்களை வெளிநாடுகளிலேயே தேடிக்கொண்டது. 2021இல் அமெரிக்காவின் மேட்ச் குழுமம் அதை ஏறத்தாழ 173 கோடி டாலருக்கு வாங்கியது. கொரியர்களின் திறமையோ மொழியோ இந்தப் பத்தாண்டில் மாறிவிடவில்லை, மாறியவை விதிகள்தாம். ஆகவே தன் நிறுவனங்கள் உலகில் அறியப்பட வேண்டும் என்று விரும்பும் எந்த அரசும் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் முன், வெளிநாட்டவர் ஒருவர் தன் நாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.