நோயுற்ற பவளத்துக்கு மருந்து தேடிய வரலாறு



பள்ளி விடுமுறைக்குச் சற்று முன்னர், என் மாணவர் ஒருவரின் தந்தை என்னிடம் ஒரு வினாவைக் கேட்டார். அவர் வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்து, மீன்களோடு உயிர்ப்பவளங்களையும் வளர்த்து வருபவர். கிளை பரப்பி நின்ற பவளம் ஒன்று அடிப்புறத்திலிருந்து தோலுரிந்து வெளுத்து வருகிறதாம். "சார், இதற்கு எந்த மருந்தை ஊற்றலாம்?" என்பதே அவர் கேட்டது. மீனுக்கு நோய் வந்தால் கடையில் நீல நிறப் புட்டி கிடைக்கிறது. பவளத்துக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, பவளத்துக்கு மருத்துவம் பார்த்த வரலாறே ஒரு பெரிய கதையாக விரிந்தது. வகுப்பறைக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளி யார் என்று தெரிய வேண்டுமல்லவா? பவளத்தைப் பொறுத்தவரை அதற்கே மனிதகுலத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. தமிழர் பவளத்தை அறியாதவர் அல்லர். துகிர் என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. முசிறித் துறைமுகத்துக்கு வந்திறங்கிய பொருள்களுள் பவளமும் ஒன்று என்று, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு கூறுகிறது. சென்னையின் பவழக்காரத் தெரு, மத்திய தரைக்கடல் பவளத்தைக் கொண்டுவந்து வைரத்தைக் கொண்டுபோன வணிகர்களின் நினைவாக இன்றும் அப்பெயரோடு இருக்கிறது. ஆயினும் வணிகர் கைக்கு வந்தது உயிர் நீங்கிய எலும்புக்கூடு மட்டுமே. கழுத்தில் அணிந்தவர்க்கு அது ஒரு மணி, அவ்வளவுதான்.

1706-இல் மார்சிலி என்னும் இத்தாலியர், மார்செய் நகரையொட்டிய கடலில் எடுத்த செம்பவளக் கிளையைக் கடல்நீரில் இட்டு வைத்துப் பார்த்தார். கிளை முழுதும் எட்டு இதழ்கொண்ட வெண்பூக்கள் விரிந்தன. பவளம் பூக்கும் செடி என்று அவர் முடிவு கட்டினார். அதே நகரத்து மருத்துவரான பெய்சொனெல், 1720-களில் அந்தப் "பூக்களை" மீண்டும் ஆராய்ந்து, அவை பூக்கள் அல்ல, சிறு விலங்குகள் என்று பாரிசிலுள்ள அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அங்கே பெருமதிப்புடன் விளங்கிய ரியோமூர் அக்கருத்தை ஏற்கவில்லை. கட்டுரையை அவையில் எடுத்துரைத்தபோது, எள்ளலுக்கு ஆளாகக் கூடாது என்று பெய்சொனெலின் பெயரைக்கூடச் சொல்லாமல் மறைத்தார். பதினைந்து ஆண்டுகளுக்குள் பெய்சொனெல் கூறியதே சரி என்று தெரிந்தது. மறைத்தது இரக்கமா, இறுமாப்பா என்று என்னால் இன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து வெகுதொலைவில் வளர்த்துக் காட்டியவர் அறிவியலாளர் அல்லர், ஓர் இல்லத்தரசி. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பணியாற்றிய பாதிரியாரின் மனைவி ஆனா தின் அம்மையார், 1846-இல் டார்க்கீ கடற்கரையில் கிடைத்த சிறு பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அவை சாயாமல் இருக்க ஊசி நூல் கொண்டு ஒரு கடற்பஞ்சின்மேல் தைத்து வைத்தாராம்! தண்ணீர் கெடாதிருக்க, அவருடைய பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல். நம்மூர்க் கடைகளில் தேநீரை இழுத்து ஆற்றுவதைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். நீரில் காற்றைக் கலக்கும் முறை அது. இன்று மின்பம்பு செய்வதை அன்று அந்தப் பணிப்பெண்ணின் கைகள் செய்தன. அடுத்த ஆண்டில் கடற்பாசிகளையும் உடன் வைத்தபோது உழைப்பு குறைந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அப்பவளங்கள் உயிர் வாழ்ந்தன, குட்டிகளையும் ஈன்றன.

ஆனால் அவை குளிர்கடல் பவளங்கள். ஒளி இல்லாவிடினும் உணவு கிடைத்தால் பிழைத்துக்கொள்பவை. நம் வெப்பக் கடலில் பாறையாக வளரும் பவளங்களின் இயல்பு வேறு. அவற்றின் தசைக்குள்ளே நுண்ணிய பாசியுயிர்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கு வாடகைபோல் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் அவற்றாலேயே வருவது. அவை வெளியேறினால் வெண்ணிற எலும்பு தசையூடே தெரியும். இதையே "வெளுத்தல்" என்கிறோம்.

வெளுத்தலைச் சோதனை முறையில் ஆராய்ந்தவர்கள், 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கிய யோங் என்பவரின் குழுவினர். பவளத்தை இருட்டில் வைத்தாலும், நீரின் வெப்பத்தைக் கூட்டினாலும் பாசிகள் வெளியேறுவதைக் கண்டார்கள். அப்பாசியின் இனத்தை அடையாளம் கண்டு, பவளத்துக்கு வெளியே தனியே வளர்த்தும் காட்டியவர் கவாகுத்தி என்னும் ஜப்பானியர். பலாவுத் தீவிலிருந்த ஆய்வு நிலையத்தில் பவளங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அவர், போர் உச்சத்தில் இருந்த 1944-இல் அம்முடிவை வெளியிட்டார்.

இனி, நம் அண்டை நாட்டுக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

1950-களில் மேலைநாட்டார் கடல்மீன் தொட்டி வைத்த விதத்தைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். தொட்டிக்குள் இருப்பதெல்லாம் தூய்மையாக, கிருமியே இல்லாமல் இருக்க வேண்டும் என்று கருதினார்கள். அழகுக்கு வைத்த பவளங்கள், வெளுக்க வைத்துக் காயவிட்ட எலும்புக்கூடுகள். மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை ஊற்றினார்கள். செம்பு மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லும். உயிர்ப்பவளம் இருந்தால் அதையும் கொன்றுவிடும். எனவே உயிர்ப்பவளம் வீட்டுத் தொட்டியில் பிழைக்காது என்பது பொதுக்கருத்தாக இருந்தது. செத்துப்போனவற்றைக் கணக்கெடுத்திருந்தால் அக்கருத்துக்கு ஆதாரம் நிறையவே கிடைத்திருக்கும்!

ஜகார்த்தாவில் லீ சின் எங் என்னும் சீன இந்தோனேசியர், இதற்கு நேரெதிரான வழியில் சென்றார். பவளத்திட்டிலிருந்து பாறைத் துண்டுகளை, அவற்றில் ஒட்டியிருந்த பாசி, புழு, கடற்பஞ்சு எதையும் சுரண்டாமல் அப்படியே தொட்டியில் வைத்தார். இயற்கைக் கடல்நீர், சூரிய ஒளி, ஒரு குழாய் வழியே மெல்ல எழும் காற்றுக் குமிழிகள். இவ்வளவே அவருடைய கருவிகள். அத்தொட்டியில் பவளங்கள் வாழ்ந்தன. 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் இம்முறையை அவர் எழுதினார். ஆனால் அம்முறை மேலைநாடுகளில் பரவலாக வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. குளிர்நாட்டில் இருந்தோர்க்கு ஜகார்த்தாவின் வெயிலும் இல்லை, வாசலருகே பவளக்கடலும் இல்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் வைத்த பாறை ஏன் வேலை செய்தது? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. பாறையின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாகத் தீமை குறைந்த பொருளாக மாற்றுகின்றன. பாறையின் உள்ளே, காற்றுப் புகாத துளைகளில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் அதையும் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. அதாவது, மேலைநாட்டார் தேய்த்துக் கழுவி எறிந்த "அழுக்கே" மருத்துவராக இருந்திருக்கிறது. நம் மாணவர்களின் அறிவியல் பாடத்தில் நுண்ணுயிர் என்றதும் நோய், கைகழுவுதல் என்றே தொடங்குகிறோம். கைகழுவுதல் தேவைதான். ஆனால் நன்மை செய்யும் நுண்ணுயிருக்கு ஜகார்த்தாத் தொட்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தென்கிழக்காசியாவில் பிறந்த இந்தப் பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

லீயின் எண்ணம் பின்னர் ஜெர்மனியில் வேறு உருவில் தழைத்தது. பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு, கழிவை நுரையாகத் திரட்டி அகற்றும் ஸ்கிம்மரையும், வெயிலுக்கு ஈடான வலிய விளக்குகளையும் சேர்த்தார்கள். பவளம் எலும்பு வளர்க்கத் தேவையான சுண்ணச்சத்துக்கு அவர்கள் கண்ட வழி நமக்கு அந்நியமானதன்று: சுண்ணாம்புத் தெளிநீர். பாட்டி வெற்றிலையில் தடவிய நீற்றுச் சுண்ணாம்பை நல்ல நீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரைச் சொட்டுச்சொட்டாக விடுவது. பீட்டர் வில்கன்ஸ் என்பவர் 1970-களில் தம் நூலின் வழியே இதைப் பரப்பினார். மன்னார் வளைகுடாக் கரையில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்ட காலம் ஒன்று இருந்தது. பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய உலகத்திலேயே, சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் வளர்த்தவர்களும் இருந்தார்கள்.

தொட்டியில் வாழத் தொடங்கிய பின்னரே பவளத்தின் நோய்கள் கண்ணில் பட்டன. கடலிலும் அதே காலத்தில்தான் அவை பதிவாயின. கரும்பட்டை நோய் 1970-களின் தொடக்கத்தில் கரீபியக் கடலில் விவரிக்கப்பட்டது. வெண்பட்டை நோய் அப்பத்தாண்டின் இறுதியில் தொடங்கி, அங்கே மான்கொம்புப் பவளங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்தது. வீட்டுத் தொட்டிகளில் அஞ்சப்படுபவை இரண்டு. ஒன்று, பழுப்புக் கூழ் போன்ற படலம் பரவித் தசையைக் கரைப்பது; கூழை நுண்ணோக்கியில் பார்த்தால் தசையைத் தின்னும் ஓரணு உயிர்கள் மொய்க்கும். மற்றொன்று, ஓரிரவில் தசை முழுதும் உரிந்து எலும்பு மட்டும் நிற்பது.

ஆர்வலர்கள் கண்ட மருத்துவம் பெரும்பாலும் மனித மருத்துவத்திலிருந்து கடன் வாங்கியது. 1829-இல் லூகோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்காக உருவாக்கிய அயோடின் கரைசலைக் கடல்நீரில் சில துளிகள் கலந்து, பவளத்தைச் சில நிமிடங்கள் முக்கி எடுத்தார்கள். எலும்பு வெட்டும் கத்தரியால், நோயுற்ற எல்லையைத் தாண்டி நலமான பகுதிக்குள்ளேயே வெட்டி, மிஞ்சிய கிளையைப் புதுக்கல்லில் சூப்பர் குளூ கொண்டு ஒட்டினார்கள். அந்தப் பசையும் மனிதக் காயங்களில் பயன்பட்டதுதான். வியட்நாம் போரில் குருதிப்போக்கை நிறுத்தத் தெளித்தார்கள்.

வெட்டுவது கொடுமை என்று தோன்றலாம். ஆனால் ஒரு பவளம் ஓர் உயிரன்று, ஒரு குடியிருப்பு. ஒரு வரிசை வீடுகள் எரியும்போது அடுத்த வரிசையைக் காப்பது போன்றது அது. வெட்டுவதில் வேறொரு பயனும் இருந்தது. 2006-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் புளோரிடாவில் டேவிட் வான் என்னும் ஆய்வாளர் ஒரு பவளத்தை இடம்மாற்றும்போது அது உடைந்து, சில நுண்துண்டுகள் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டன. செத்துவிடும் என்று விட்டவை, சில வாரங்களில் பன்மடங்கு வளர்ந்திருந்தன. சிறு துண்டுகளாக வெட்டினால் விரைந்து வளரும் என்ற அந்த அறிவு, இன்று பவளத்திட்டுகளை மீட்க உதவுகிறது.

என் மாணவரின் தந்தைக்கு நான் கூறியவை இவையே. முதலில் மருந்தைத் தேடாதீர்கள். வெப்பம், உப்பின் அளவு, காரத்தன்மை மூன்றையும் அளந்து பாருங்கள். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளுக்கும். நம் நாட்டு வீடுகளில் நீர்க்குளிரூட்டி நின்றுபோனால் அதற்கு அதிக நேரம் ஆகாது. நோயுற்றதைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, அங்கேயே வெட்டுவதும் முக்குவதும் நடக்கட்டும். எந்தச் சூழலிலும் நோயெதிர்ப்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அது லீயின் பாறையில் வாழும் மருத்துவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

நோயெதிர்ப்பு மருந்து பவளத்துக்கு உதவாது என்றும் சொல்ல முடியாது. 2014-இல் மயாமி அருகே தோன்றிய ஒரு தசையழிவு நோய், இருபதுக்கும் மேற்பட்ட கற்பவள இனங்களைத் தாக்கி, கரீபியக் கடல் முழுவதும் பரவியது. நமக்கெல்லாம் பழக்கமான அமாக்சிசிலின் மருந்தைப் பசையோடு குழைத்து, முக்குளிப்போர் ஒவ்வொரு பவளமாகக் காயத்தின் விளிம்பில் பூசினார்கள். பூசிய காயம் பெரும்பாலும் ஆறியது. ஆனால் வேறிடத்தில் புதுக்காயம் தோன்றுவதை மருந்தால் தடுக்க முடியவில்லை. எனவே, நோய் எட்டாத பவளங்களை முன்கூட்டியே கடலிலிருந்து எடுத்து, அமெரிக்காவின் உள்நாட்டு நகரங்களில் இருக்கும் மீன் காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். கடலையே காணாத ஊர்களில், தொட்டிக்காரர்களின் விளக்கும் ஸ்கிம்மரும் அவற்றைக் காத்தன. 2023 கோடையில் புளோரிடாக் கடல் கொதித்தபோதும், கடலடி நாற்றங்கால்களிலிருந்த பவளங்களை அள்ளிக்கொண்டு கரைத் தொட்டிகளுக்கே ஓடினார்கள்.

நம் கடலும் இதற்கு விலக்கன்று. 2010-இல் வெளுத்தல் பரவியபோது, தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மலேசிய அரசு சில மாதங்கள் மூடி வைத்தது. மீண்டும் 2024-இல் உலகளாவிய வெளுத்தல் அறிவிக்கப்பட்டது. அவ்வரிசையில் அது நான்காவது.

ஆனா தின் அம்மையாரின் இலண்டனில், ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் என்பவரின் குழு, நிலவொளியையும் பருவ வெப்பத்தையும் விளக்குகளாலும் கணினியாலும் போலச்செய்து, 2013 முதல் தொட்டிக்குள்ளேயே பவளங்களைக் கருமுட்டை விடச் செய்து வருகிறது. வெப்பக் கடலிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், தாம் ஏற்றிய நிலவின் கணக்குப்படி எந்த இரவில் அது நிகழும் என்பதை அவர்களால் முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது.